கறுத்த எண்ணெயும் களைத்த இயந்திரமும்

முன்னர் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய தந்தையாரிடம் முப்பது ஆண்டு உழைத்த லொறி ஒன்று உண்டு. வீட்டுச் செலவும் தங்கையின் படிப்பும் அதன் உழைப்பிலேயே தங்கியிருக்கின்றன. “பழைய இயந்திரத்துக்குத் தடித்த எண்ணெயே வேண்டும் என்கிறார் தந்தையார், புதிதாக வந்ததே சிறந்தது என்கிறார் கடைக்காரர். யார் சொல்லைக் கொள்வது?” என்பது அவர் வினா. பல இல்லங்களில் எழக்கூடிய வினாவாகையால் இங்கேயே விடை கூற முற்படுகின்றேன்.

எண்ணெயின் தொண்டு யாதென முதலில் அறிதல் வேண்டும். டீசல் இயந்திரத்திலே காற்று மிகுதியாக அமுக்கப்படுகின்றது. அதனாற் பிறக்கும் வெப்பத்தினாலேயே எரிபொருள் தீப்பற்றுகின்றது. ஆதலால் உள்ளுறுப்புகள் தாங்கும் பாரம் பெரிது. எண்ணெய் அவற்றிடையே மென்படலமாய் நின்று உராய்வைக் குறைக்கின்றது, வெப்பத்தை அகற்றுகின்றது, எரிபொருளிலுள்ள கந்தகத்தால் விளையும் அமிலத்தை நடுநிலையாக்குகின்றது, புகைக்கரியைத் தன்னுள் மிதக்கவைக்கின்றது. மாற்றிய சில நாளிலேயே எண்ணெய் கறுப்பது கண்டு அஞ்சவேண்டியதில்லை. கரி உறுப்புகளிற் படியாமல் எண்ணெயிலே தங்குகின்றது என்பதற்கு அதுவே சான்று.

இனி, தடிப்பு. கலத்தின் மேல் ‘15டபிள்யூ-40’ என்று காணப்படும். முதல் எண் குளிரில் எண்ணெய் ஓடுந் திறனையும், இரண்டாவது எண் 100 பாகை செல்சியசில் அதன் தடிப்பையும் குறிக்கும். மிகத் தடித்த எண்ணெய், காலையில் இயந்திரத்தை முடுக்கியதும் மேலுறுப்புகளை விரைந்து சென்றடையாது. அந்தச் சில கணங்களிலே தேய்வு நேர்கின்றது. பழைய டீசல் இயந்திரங்களுட் பலவற்றுக்கு 15டபிள்யூ-40 பொருந்தும். வெப்ப நாடுகளில் 20டபிள்யூ-50 ஊற்றலாம் என்று கைந்நூல் கூறுமாயின், தந்தையாரின் கருத்தும் தவறாகாது. கைந்நூலின் எல்லையைக் கடந்து தடிப்பை நாடுவதே தவறு.

கடைக்காரரின் சொல்லையும் ஆராய்வோம். அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் தரக்குறியீட்டில் ‘சி’ எழுத்தில் தொடங்குவன டீசலுக்கும், ‘எஸ்’ எழுத்தில் தொடங்குவன பெற்றோலுக்கும் உரியவை. 2016ஆம் ஆண்டில் சி.கே.-4, எப்.ஏ.-4 என இரு டீசல் தரங்கள் வந்தன. முன்னையது பழைய இயந்திரங்களுக்கும் உதவுமாறு அமைந்தது. பின்னையதோ தடிப்புக் குறைந்தது. புதிய இயந்திரங்கள் சிலவற்றுக்கே உரியது. எனவே, புதியது என்ற ஒரு காரணத்துக்காக எதனையும் வாங்கலாகாது. கந்தகம் மிகுந்த டீசலை ஊற்றுவோர், அமிலத்தை எதிர்க்கும் ஆற்றல் மிக்க சி.ஐ.-4 வகையை நாடுவதும், எண்ணெயை அடிக்கடி மாற்றுவதும் நன்று.

விலை மலிவென்று பெற்றோல் இயந்திர எண்ணெயை ஊற்றுதல் கூடாது. படலம் கிழியும் இடத்தில் உலோகத்தைக் காப்பது நாகமும் பொசுபரசும் சேர்ந்த ஒரு சேர்க்கையாகும். புகைபோக்கியிலுள்ள ஊக்கியைக் காக்கும்பொருட்டு, இக்காலப் பெற்றோல் எண்ணெய்கள் பலவற்றில் இச்சேர்க்கை குறைக்கப்பட்டுள்ளது.

ஒன்றை மறத்தலாகாது. எந்த எண்ணெயும் தேய்ந்த உலோகத்தை மீட்டுத் தராது; இனித் தேய்வதை மட்டுப்படுத்தும், அவ்வளவே. நீலப்புகை எழுந்து எண்ணெயும் விரைவிற் குறையுமாயின், நாடவேண்டியது கடையையன்று, தேர்ந்த திருத்துநரையே.

மாணவருக்கு நான் எழுதிய விடை இதுவே: கைந்நூல் கூறும் தடிப்பில் சி.கே.-4 அல்லது சி.ஐ.-4 எண்ணெயை வாங்குக. எண்ணெயுடன் வடிகட்டியையும் மாற்றுக. காலைதோறும் புறப்படுமுன் அளவுக்கம்பியை இழுத்துப் பார்க்குக. அப்பணியைத் தந்தையாரிடம் விடாது தாமே ஏற்பாராயின், முப்பது ஆண்டு உழைத்த இருவருக்கும் அது உதவியாகும்.