அரைமணியில் ஓர் இரவுணவு

வேலை முடிந்து வீடு திரும்பும் மாலையில் சோறும் மூன்று கறியும் ஆக்க இயலுமோ? கடலில்லாத நம் மாத்தளை மாவட்டத்தில், தம்புள்ளையை அடுத்த கண்டலமக் குளத்துத் திலாப்பியா கைகொடுக்கும். 1952ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த மீன் இது.

நால்வருக்கு, முள் நீக்கிய மீன் அரைக் கிலோ போதும். உப்பு, மஞ்சள், மிளகுத்தூள், தேசிப்புளி பிரட்டிப் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பொரியுங்கள். அது ஊறும் வேளையில் கோதுமை மாவுடன் தேங்காய்ப்பூ, உப்பு, நீர் சேர்த்துப் பிசைந்து மெல்லிய ரொட்டிகளாகச் சுடுங்கள்.

ரொட்டியின் நடுவே மீனும் வெங்காயச் சம்பலும் வைத்து மடியுங்கள். மெக்சிக்கோ மக்கள் சோள ரொட்டியில் இவ்வாறு மடித்து 'டாக்கோ' என்பர்.

மடிக்கும் பணி பிள்ளைகளுடையதாகட்டும். எல்லோர்க்கும் பரிமாறி, ஆறியதை இறுதியில் உண்ணும் தாய், இன்றேனும் அவர்களுடன் அமர்ந்து சூடாக உண்ணட்டும்.