எழுதியாகிவிட்டதா?

மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகத்தின் தொழிலை முடித்துக்கொள்வதாக இன்டெல் 2022இல் அறிவித்துவிட்டது. அதன் நகல் மட்டும் சாஃப்ட்வேருக்குள் உயிரோடிருக்கிறது. நகலின் வாக்குறுதியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது திருவனந்தபுரத்து வழக்கம். புதுக் கடை, புது ஸ்கூட்டர், பரீட்சை, வழக்கு எதுவானாலும் முதலில் இங்கே ஒரு தேங்காய் சிதறும். திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து இங்கே மாறியபோது சிப்பாய்கள் சுமந்துவந்த விக்கிரகம் இது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இன்றும் கோயில் நிர்வாகம் ராணுவத்திடம்தான் இருக்கிறது.

விக்கிரகம் வந்த கதையை வாய்கள் சுமக்கின்றன. சமஸ்தானத்தின் கணக்குகளைச் சுமப்பவை ஓலைகள். பழவங்காடியிலிருந்து கோட்டைக்குள் சிறிது தூரம் நடந்தால் மாநில ஆவணக் காப்பகம். பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் உட்பட ஏராளமான ஓலைக் கட்டுகள் இங்கே குவிந்துள்ளன. வட்டெழுத்திலும் கோலெழுத்திலும் மலையாண்மையிலும் எழுதப்பட்டவை. 2022 டிசம்பரில் இங்கே ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது.

ஓலையில் எழுத்தாணி கீறிய இடமே எழுத்து தங்கும் இடம். எழுதுவது ஓரிடம், பத்திரப்படுத்துவது வேறிடம் என்ற பிரிவினை அங்கே இல்லை. எழுதி முடித்ததும் கணக்கர் எழுந்து போகலாம். விளக்கு அணைந்தாலும் எழுத்து அணையாது.

கம்ப்யூட்டருக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அது கணக்குப் போடுவது ஒரு சிலேட்டில். சேமித்து வைப்பது ஒரு பெட்டியில். சிலேட்டுக்குப் பெயர் ரேம். வேகமானது, ஆனால் கரண்ட் போனால் துடைத்துவிட்டது போலாகிவிடும். பெட்டிக்குப் பெயர் டிஸ்க். நிலையானது, ஆனால் மெதுவானது. டிடிபி கடைகளில் கரண்ட் போனதும் முதலில் கேட்கும் குரல் "ஐயோ, சேவ் பண்ணினாயா?" என்பதுதான். சிலேட்டில் இருந்தது பெட்டிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே அந்தக் கேள்வியின் பொருள்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சொந்தமாக வடிவமைத்துக் கட்டிய கம்ப்யூட்டர் 1960இல் இயங்கத் தொடங்கியது. அந்தக் குழுவை நடத்தியவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். 1962இல் அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டியவர் ஜவஹர்லால் நேரு. அதன் நினைவகம் ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன குட்டி வளையங்களைக் கம்பிகளில் கோத்துச் செய்தது. 40 பிட் கொண்ட சொற்கள் 2,048. இன்றைய கணக்கில் சுமார் 10 கிலோபைட். செல்போனில் எடுக்கும் ஒரு படத்துக்குக்கூடப் போதாது. ஆனால் காந்தமாக்கப்பட்ட வளையம் மின்சாரம் போனாலும் தன் திசையை மாற்றிக்கொள்வதில்லை. வேலை செய்யும் இடமே நினைவு தங்கும் இடமாகவும் இருந்தது. ஓலையைப் போல.

1970இல் இன்டெல் வெளியிட்ட 1103 என்ற சிப் அந்தக் காலத்தை முடித்துவைத்தது. டிராம் எனப்படும் இந்த வகை நினைவகம் மலிவானது, சின்னது, வேகமானது. ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய கொள்கலத்தில் தேங்கிய மின்னூட்டம். அந்தக் கொள்கலம் ஒழுகும். அதனால் இன்றைய டிராமில் 64 மில்லிசெகண்டுக்கு ஒருமுறையாவது அத்தனையையும் திரும்ப நிரப்ப வேண்டும். நிரப்புவதற்கு மின்சாரம் இல்லையென்றால் நினைவும் இல்லை. மலிவுக்கு உலகம் கொடுத்த விலை மறதி.

காந்த வளையத்தை வழியனுப்பிய அதே இன்டெல், மறக்காத நினைவகத்தைத் திரும்பக் கொண்டுவர முயன்றது ஒரு வேடிக்கை. 2015இல் மைக்ரான் நிறுவனத்துடன் சேர்ந்து '3டி எக்ஸ்பாயின்ட்' என்ற தொழில்நுட்பத்தை அறிவித்தது. 2019இல் 'ஆப்டேன்' என்ற பெயரில் 128, 256, 512 ஜிகாபைட் அட்டைகள் விற்பனைக்கு வந்தன. டிராம் செருகும் அதே துளையில் செருகலாம். டிராமைவிடச் சில மடங்கு மெதுவு. டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகம். டிஸ்க்கில் எழுத வேண்டுமானால் பக்கம் பக்கமாகத்தான் எழுத முடியும். இதில் ஒரே ஒரு பைட்டை மட்டும் மாற்றலாம், மாற்றியது நிலைக்கும். பெரிய தகவல் தளங்களுக்கு இது வரப்பிரசாதம். சர்வரை நிறுத்தித் தொடங்கும்போதெல்லாம் டிஸ்க்கிலிருந்து மலைபோன்ற தகவலை மறுபடி ஏற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு கண்ணி உண்டு. பிராசஸருக்கு உள்ளேயே 'கேஷ்' என்ற சின்ன இடைநிலைக் கிடங்கு இருக்கிறது. புரோகிராம் எழுதும் எதுவும் முதலில் அங்கேதான் தங்கும். அது டிராமைப் போலவே மறதிக்காரர். ஆகவே எழுதினால் மட்டும் போதாது; கேஷிலிருந்து நினைவகத்துக்குத் தள்ளிவிடும்படி தனிக் கட்டளையும் தர வேண்டும். கட்டளை தராத புரோகிராம், தபால் பெட்டியில் போடாத கடிதத்தை அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

இந்த நினைவகத்தை மெய்நிகர் கம்ப்யூட்டர்களுக்கும் கொடுக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. இன்று சர்வர்களில் பெரும்பகுதி உண்மையில் தனி இயந்திரங்கள் அல்ல. ஒரு பெரிய இயந்திரத்துக்குள் சாஃப்ட்வேர் பல கம்ப்யூட்டர்களைப் பாவனை செய்கிறது. உள்ளே ஓடுவதை விருந்தாளி என்றும், தாங்கும் இயந்திரத்தை வீட்டுக்காரர் என்றும் வைத்துக்கொள்ளலாம். தனக்கென்று பிராசஸரும் நினைவகமும் டிஸ்க்கும் இருப்பதாக விருந்தாளி நம்பிக்கொண்டிருக்கும். எல்லாம் வீட்டுக்காரரின் சொத்து.

இந்தப் பாவனையைச் செய்யும் எமுலேட்டர்களில் முக்கியமானது 'க்யூஎமு'. பிரான்ஸ் நாட்டு நிரலாளர் ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் தொடங்கியது. லினக்ஸில் 2007இல் சேர்ந்த 'கேவிஎம்' என்ற பகுதியோடு கைகோத்த பிறகு வேகமும் கூடியது. இது கட்டற்ற மென்பொருள். மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். இந்தக் கொள்கைக்குத் திருவனந்தபுரம் புதிய ஊர் அல்ல. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையை 2001 ஜூலை 20 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிவைத்தது இங்கேதான்.

2016இல் வெளியான க்யூஎமு 2.6, விருந்தாளிக்கு ஒரு மெய்நிகர் நிலைநினைவக அட்டையைக் காட்டும் வசதியைப் பெற்றது. செய்முறை எளிது. வீட்டுக்காரரின் இயந்திரத்தில் ஒரு ஃபைலைக் காட்டிவிட்டால் போதும். 'இதோ உன் மறக்காத நினைவகம்' என்று க்யூஎமு அதை விருந்தாளியிடம் நீட்டிவிடும். விருந்தாளி எழுதுவதெல்லாம் அந்த ஃபைலுக்குப் போகும்.

சிக்கலும் அங்கேதான். அந்த ஃபைல் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? உண்மையான ஆப்டேன் அட்டையாக இருக்கலாம். அப்போது வாக்குறுதி மெய். சாதாரண டிஸ்க்காக இருக்கலாம்; அப்போது விருந்தாளி எழுதியது முதலில் வீட்டுக்காரரின் ரேமில் தங்கி, சாவகாசமாகத்தான் டிஸ்க்குக்குப் போகும். வெறும் ரேமாகவே இருக்கலாம். அப்போது வாக்குறுதி பொய். 'பகிர்வு' என்ற அமைப்பை முடக்கிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். விருந்தாளி எழுதும் எதுவும் ஃபைலுக்கே போகாது. இயந்திரத்தை நிறுத்தியதும் மறைந்துவிடும். எல்லாச் சமயத்திலும் விருந்தாளியின் கண்ணில் படுவது ஒரே அட்டைதான். கேஷிலிருந்து தள்ளும் கட்டளையை அது ஒழுங்காகத் தரும். தள்ளியது எங்கே போய் விழுந்தது என்று அதற்குத் தெரியாது.

இது புத்தகச் சிக்கல் அல்ல. கருவூலக் கணக்கு, நிலப் பதிவு, ஆஸ்பத்திரிக் குறிப்பு என்று எதை எடுத்தாலும் இன்று ஏதோ ஒரு மெய்நிகர் கம்ப்யூட்டரில் இருக்க வாய்ப்புண்டு. 'பணம் வரவு வைக்கப்பட்டது' என்று திரையில் வந்துவிட்டது. அடுத்த நொடி மின்சாரம் போகிறது. விருந்தாளி சொன்னது உண்மையா என்பது வீட்டுக்காரரின் அடித்தளத்தைப் பொறுத்தது.

க்யூஎமுவை எழுதியவர்கள் இதை மறைக்கவில்லை. அடியில் உண்மையான நிலைநினைவகம் இல்லையென்றால் நிலைத்தன்மைக்கு உத்தரவாதம் கிடையாது என்று அவர்களுடைய ஆவணமே சொல்கிறது. பரிகாரங்களும் உண்டு. அடியில் உண்மையான அட்டை இருப்பதாக நிர்வாகி குறிப்பிட்டால், க்யூஎமு தான் எழுதுவதையும் அதற்கேற்ற கவனத்தோடு எழுதும். அடித்தளம் நம்பகமில்லை என்று விருந்தாளிக்கு அறிவிக்கவும் ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கினால் விருந்தாளியாக ஓடும் லினக்ஸ் அந்த அட்டையைப் படிக்க மட்டும் பயன்படுத்தும், எழுதாது. ஆனால் அது தானாக இயங்குவதில்லை. இயக்குவது நிர்வாகியின் மனசாட்சியைப் பொறுத்தது.

2019இல் இன்னொரு வழி பிறந்தது. பெயர் 'விர்ட்ஐஓ பிமெம்'. இதில் அடியில் இருப்பது சாதாரண டிஸ்க்தான் என்பது ஒளிவுமறைவில்லாத ஏற்பாடு. உறுதி வேண்டும்போது விருந்தாளி வீட்டுக்காரரிடம் வெளிப்படையாகவே கேட்கும்: 'டிஸ்க்கில் எழுதியாகிவிட்டதா?' வீட்டுக்காரர் எழுதி முடித்த பிறகுதான் பதில் சொல்வார். வேகம் கொஞ்சம் குறையும். பேச்சில் பொய் இருக்காது.

இதற்கிடையே அசல் சரக்கு கடையை விட்டே போய்விட்டது. 2022இல் ஆப்டேன் தொழிலை முடித்துக்கொள்வதாக அறிவித்த இன்டெல், தேங்கிய சரக்குக்காக 55.9 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. விற்ற அட்டைகள் இன்னும் சர்வர்களில் உழைக்கின்றன. புதிதாகக் கற்க வருபவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது க்யூஎமுவின் பாவனைதான். கரண்ட் போகும்போது தன் புரோகிராம் பிழைக்குமா என்று ஒரு மாணவி சோதிக்க விலை உயர்ந்த அட்டை தேவையில்லை. சாதாரண மடிக்கணினியும் ஒரு ஃபைலும் போதும்.

பாவனை அசலுக்குப் பின்னால் மட்டும் வாழ்வதில்லை, முன்னாலும் வருகிறது. 'சிஎக்ஸ்எல்' என்ற புதிய இணைப்பு முறை வழியாக நினைவகத்தை வெளியிலிருந்து பொருத்தும் வழி இப்போது வளர்கிறது. அதிலும் மறக்காத நினைவகத்துக்கு இடமுண்டு. அந்தக் கருவிகள் கைக்கு வருமுன்பே லினக்ஸ் நிரலாளர்கள் க்யூஎமுவின் பாவனைக் கருவியை வைத்து அவற்றுக்கான நிரலை எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

எதிர்பாராத வேலை ஒன்றும் இதற்குக் கிடைத்திருக்கிறது. 'காட்டா கன்டெய்னர்ஸ்' என்ற திட்டம், விருந்தாளிகள் தொடங்கத் தேவையான ஃபைலை மெய்நிகர் நிலைநினைவகமாகக் காட்டுகிறது. நூறு விருந்தாளிகள் இருந்தாலும் ஆளுக்கொரு பிரதி வேண்டாம். எல்லோரும் ஒன்றையே படிக்கிறார்கள். ரேம் மிச்சம். இங்கே யாரும் எதையும் எழுதுவதில்லை. அதனால் பொய்க்கும் வேலையில்லை.

எழுதும் இடத்தில்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. மெய்நிகர் சர்வரை வாடகைக்கு எடுக்கும் வங்கியோ அரசு அலுவலகமோ விலையையும் வேகத்தையும் விசாரிக்கத் தவறுவதில்லை. 'எழுதியாகிவிட்டது' என்று திரை சொல்லும்போது அடியில் எது எழுதிவைத்திருக்கிறது என்பதையும் ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்கலாம். க்யூஎமு போன்ற திறந்த நிரலில், கிடைத்த பதிலைச் சரிபார்க்கும் வசதியும் இருக்கிறது.

கோட்டைக்குள் இருக்கும் ஓலைகளும் சும்மா நிலைத்துவிடவில்லை. பூச்சி அரிக்காமலும் ஓலை முறியாமலும் இருக்கப் புல்தைலம் பூசித் துடைத்து வைக்கிறார்கள். எழுத்து தானாக நிற்கிறது என்று பார்க்கிறவருக்குத் தோன்றும். அதன் பின்னால் தைலம் தோய்ந்த ஒரு கை இருக்கிறது.