அமைதிக்குப் பதிலா ஆம்பியன்ட் மியூசிக்கா?

"கவனம் குவிய இசை", "எட்டு மணி நேர ஸ்டடி மியூசிக்", "டீப் ஃபோகஸ்" என்று இப்போது ஒரு பெரிய வியாபாரம் நடக்கிறது. பாட்டு வரி கிடையாது, ஏற்ற இறக்கம் கிடையாது, தொடக்கமும் முடிவும் கிடையாது. பின்னால் மழைச் சத்தம், நடுவில் அங்கங்கே ரெண்டு பியானோ கட்டை. இதைப் போட்டால் மூளை கூர்மையாகுமாம். ஆகாது. நம்மிடம் இருந்த அமைதியைப் பிடுங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக மெத்தென்று ஒரு சத்தத்தைக் கையில் கொடுக்கிறார்கள். இதுதான் என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டு வாருங்கள் :-)

தோஹாவில் நான் வேலை பார்க்கும் ஆபீஸையே எடுத்துக்கொள்ளுங்கள் (பெயர் வேண்டாம், சோறு போடுகிற இடம்). கட்டடத்துக்குக் கம்பி எவ்வளவு, கான்கிரீட் எவ்வளவு என்று அளவுக் கணக்கு போடுவது என் பிழைப்பு. ஒரு சைபர் விட்டுப் போனால் தலை போகும். முன்பெல்லாம் மேஜைக்கு மேஜை தடுப்பு இருந்தது. எல்லாரும் கலந்து பழக வேண்டும் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். இப்போது மலையாளம், தமிழ், இந்தி, அரபி, தகலாக் எல்லாம் ஒரே ஹாலில், ஒரே நேரத்தில். கணக்கு ஓடவில்லை என்று புகார் போனதும் என்ன செய்தார்கள்? கூரையில் ஸ்பீக்கர் வைத்து ஃபோகஸ் மியூசிக் விட்டார்கள். தடுப்பை எடுத்தவன் தடுப்பைத் திருப்பி வைப்பானா, புல்லாங்குழல் ஊதுவானா?

ஊரிலும் இதே கதைதான். பாறசாலை பக்கத்தில் பிளஸ் டூ படிக்கிற அக்கா மகள், "மாமா, படிக்கும்போது போட நல்ல மியூசிக் சொல்லுங்க, கூடவே ஒரு ஹெட்போனும் வேணும்" என்றாள். எதற்கு என்று கேட்டால், வெளியே ஒரே சத்தம். அந்தச் சத்தத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் விஞ்ஞானம்.

1976-ல் கோல், வெல்ஷ் என்று இருவர் ஒரு சோதனை செய்தார்கள். கண் முன்னால் வரும் எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவில் வைக்க வேண்டும். அப்போது பக்கத்தில் ஜெர்மன் மொழியில் ஒருவர் வாசிக்கும் சத்தம் கேட்கும். கேட்டவர்களுக்கு ஜெர்மன் புரியாது. அப்படியும் தப்பு கூடியது. புரியாத பேச்சே இந்தப் பாடு படுத்துகிறது. பின்னால் சலாமே, பேட்லி இருவரும் செய்த சோதனைகளில், பாடல் கெடுத்த அளவுக்கு வாத்திய இசை கெடுக்கவில்லை என்று தெரிந்தது. "குறைவாகக் கெடுக்கிறது" என்பதை "உதவுகிறது" என்று மாற்றி விற்பதில்தான் வியாபாரியின் சாமர்த்தியம் இருக்கிறது. 2011-ல் பெர்ஹம், விசார்ட் செய்த சோதனையில் பிடித்த பாட்டு, பிடிக்காத பாட்டு இரண்டுமே அமைதியைவிட மோசம். மாறாமல் ஒரே மாதிரி வரும் சத்தம் மட்டும் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. அதற்கு மாதச் சந்தா எதற்கு? பழைய மின்விசிறி போதுமே.

மொசார்ட் கேட்டால் அறிவு வளரும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1993-ல் 'நேச்சர்' இதழில் வந்த அந்த ஆய்வில் இருந்தது 36 கல்லூரி மாணவர்கள். அவர்கள் இசையைக் கேட்டது சோதனைக்கு முன்னால், பத்து நிமிடம். சோதனை எழுதும்போது இல்லை. கிடைத்த பலனும் கால் மணி நேரத்துக்குள் போய்விட்டது. இதை நம்பி 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கிற குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். நம்ம ஊர் இலவசத் திட்டங்களைச் சும்மா கேலி செய்யாதீர்கள்.

அப்படியானால் வேலைக்கு நடுவில் இசையே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. கை பழகிய வேலைக்கு இசை நல்ல துணை. இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது, 1940-ல், பிபிசி தொழிற்சாலைகளுக்கென்றே ஒரு இசை நிகழ்ச்சி தொடங்கி 1967 வரை நடத்தியது. நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் போகிற வழியில் பாலராமபுரம் நெசவுத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். குழித்தறியில் உட்கார்ந்து வெறும் வேட்டி நெய்யும்போது பக்கத்தில் ரேடியோ பாடும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், பாவு இழை பிணைக்க உட்கார்ந்தால் முதலில் ரேடியோவைத்தான் அணைப்பார். எந்த வேலைக்குக் காது சும்மா இருக்கும், எதற்கு அதுவும் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எங்கள் மேனேஜருக்குத் தெரியவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதில் இசைக்கு என்ன மரியாதை? எரிக் சாட்டி என்ற பிரெஞ்சுக்காரர் 1917-லேயே, கேட்க வேண்டாத, நாற்காலி மேஜை மாதிரி சும்மா இருக்கிற இசை என்று ஒன்றை எழுதினார். 1920-ல் பாரிஸில் அதை வாசித்தபோது ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். "கேட்காதீர்கள், பேசுங்கள்" என்று அவரே சொல்ல வேண்டி வந்தது. அன்றைய மனிதர்களால் இசையைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நாம் நன்றாகப் பழகிவிட்டோம். இளையராஜா 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். அதைப் பின்னால் ஓடவிட்டு எக்செல் ஷீட்டில் கூட்டல் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒரு வயலின் திரும்பும் இடம்கூட அவர்கள் காதில் விழுவதில்லை.

எங்கள் ஊர்ப் பெயரையே தன் பெயரோடு சுமந்தவர் பாறசாலை பொன்னம்மாள். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடுவதில்லை என்ற வழக்கத்தை 2006-ல், எண்பதை வயது கடந்த பிறகு, உடைத்தவர். 2021-ல் மறைந்தார். அந்த மண்டபத்தில் கைதட்டக் கூடாது. உட்கார்ந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். இசைக்கு அமைதியைக் கொடுக்கத் தெரிந்த மண் இது. படிக்கிற பிள்ளைக்கு மட்டும் ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறது?

ஏனென்றால் கோளாம்பி. மற்ற தமிழர்களுக்குக் குழாய் ஸ்பீக்கர் என்றால் விளங்கும். மாசி, பங்குனி வந்தால் திருவிழா. மார்ச் வந்தால் பரீட்சை. இரண்டும் ஒரே நேரத்தில். கோவில், சர்ச், பள்ளிவாசல், கட்சிக் கூட்டம் என்று யாரும் சளைத்தவர்கள் இல்லை. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் களியக்காவிளையில் கட்டின கோளாம்பிக்கு எல்லை தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் தெரியும், அதனால் இரண்டு பக்கத்துப் பிரசங்கமும் புரிந்து தொலைக்கிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் மத்திய அரசு போட்டவை. எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றுதான். எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒலிபெருக்கி கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் கூடவே கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. திருவிழாவுக்கு என்று அரசு விலக்கு கொடுத்தாலும் வருடத்துக்கு 15 நாள், அதுவும் நள்ளிரவு 12 வரைதான். 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சத்தத்துக்கு எதிராக விரிவாகத் தீர்ப்பு சொல்லிவிட்டது. இவ்வளவு இருந்தும் பிள்ளைக்கு நாம் கொடுக்கிற தீர்வு, காதை அடைக்க இன்னொரு சத்தம்! வெளியே கூச்சல் இருந்தால் ஹெட்போன் இசை அதைக் கொஞ்சம் மறைக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஒழுகுகிற கூரைக்குக் கீழே வைத்த வாளிக்கும் அவ்வளவு உபயோகம் உண்டு. கூரையை யார் வேய்வது?

இதைப் படிக்கிற வளைகுடாக்காரர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அந்தக் கோளாம்பிக்கு வாடகை எங்கிருந்து போகிறது? கமிட்டிக்காரர் நமக்குத்தான் போன் போடுகிறார், ரசீதில் நம் பெயரைத்தான் எழுதுகிறார். நான் இப்போதெல்லாம் பணத்தோடு ஒரு நிபந்தனையும் அனுப்புகிறேன்: பரீட்சை முடியும் வரை கோளாம்பி வேண்டாம், சுற்றுக்குள்ளே கேட்கிற சின்னப் பெட்டி போதும், மிச்சப் பணத்தை நாகஸ்வரக்காரருக்குக் கூட்டிக் கொடுங்கள். முதல் வருடம் "துபாய்க்காரனுக்குத் திமிர்" என்றார்கள் (தோஹா என்று திருத்தினேன்). நான் ஒருவன் சொன்னால் திமிர். பத்துப் பேர் ரசீதில் எழுதிக் கேட்டால் கமிட்டி தீர்மானம் போடும். வரும் மார்ச்சுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.