சுண்ணாம்புக் காளவாயும் வேதியியல் வகுப்பும்

வேதியியலைத் தமிழிற் கற்பிக்க இயலாது என்று கூறுவோர் தொகை இன்று குறைந்துவிட்டது. அவர்தம் இடத்தை வேறொரு கூட்டத்தார் பிடித்துக்கொண்டனர். "பள்ளி வரையில் தமிழ் இருக்கட்டும், கல்லூரிக்குப் போனால் ஆங்கிலந்தான்" என்பது இவர்தம் வாய்பாடு. முன்னவர் தமிழை வெளிப்படையாகப் பகைத்தவர். பின்னவரோ தமிழுக்கு நண்பர்போல் நின்று, அதனைப் பள்ளி வாயிலோடு நிறுத்தி வைப்பவர். இவ்விருவருள் பின்னவராலேயே கேடு மிகுதி.

அக்கேட்டைச் சுமப்போர் யாவர் என்பதைத் தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களிற் காணலாம். பீடி சுற்றியும் களையெடுத்தும் தாய் படிக்க வைத்த பெண், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி பயின்று, வேதியியலில் நன்மதிப்பெண் பெற்று, குற்றாலத்திலோ நெல்லையிலோ உள்ள கல்லூரியில் இளம் அறிவியல் வகுப்பிற் சேர்கின்றாள். முதல் நாளிலேயே, அவளுக்குத் தெரிந்த செய்தி அவளுக்குத் தெரியாத மொழியிற் சொல்லப்படுகின்றது. இணைதிறன் யாதென அவள் அறிவாள். 'வேலன்சி' என்றவுடன் திகைக்கின்றாள். வினையூக்கி யாதென அறிவாள். 'கேட்டலிசுட்டு' என்றவுடன் அடுத்திருப்பவள் ஏட்டை எட்டிப் பார்க்கின்றாள். ஓராண்டு இவ்வாறு கழிகின்றது. அவ்வாண்டில் அவள் கற்றது வேதியியல் அன்று; வேதியியலுக்குரிய ஆங்கிலச் சொற்பட்டியல். பட்டியலை உருப்போட்டுத் தேறியவளை ஊர் பாராட்டுகின்றது. தேறாதவளை "அறிவியல் அவளுக்கு வராது" என்று வீட்டில் நிறுத்திவிடுகின்றனர்.

இனி, தமிழ் அவளுக்கு எதைக் கொடுத்திருந்தது என்று பார்ப்போம். வேதியியலின் அடித்தளம் மூன்று சொற்களில் நிற்கின்றது: தனிமம், சேர்மம், கலவை. மூன்றும் தனித்தல், சேர்தல், கலத்தல் என்னும் வினைகளிற் பிறந்தவை. பிரித்தாலும் வேறொன்றாகாமல் தனித்து நிற்பது தனிமம். இரண்டோ அதற்கு மேற்பட்டனவோ ஆன தனிமங்கள் தம் இயல்பை இழந்து ஒன்றாய்ச் சேர்ந்தது சேர்மம். தத்தம் இயல்பு கெடாமல் உடனிருப்பது கலவை. இவ்வரையறைகளைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. சொல்லைப் பிரித்தாலே பொருள் வெளிப்படும். நொதுமி என்னும் சொல்லும் அத்தகையதே. நொதுமல் என்பது எப்பக்கமும் சாராத அயன்மை. நேர்மின்னும் எதிர்மின்னும் இல்லாத அணுத்துகளுக்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்ப்பதரிது.

சொல் மட்டுமன்று, தொழிலும் நம்மிடம் உண்டு. தென்காசியில் பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டிற் கோயில் எடுத்த நாளிலேயே, சுண்ணாம்பு சுடுதல், நீற்றுதல், அரைத்தல் ஆகியவற்றைத் தமிழ்நாட்டுக் கொத்தர் கைவரப் பெற்றிருந்தனர். காளவாயிலிருந்து சுவர் வரையில் சுண்ணாம்பு செல்லும் வழியே ஒரு முழு வேதியியற் பாடம். நூறு கிலோ தூய சுண்ணாம்புக்கல்லை எடுத்துக்கொள்க. ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் அதனைச் சுட்டால் எஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பே. மீதி 44 கிலோ எங்கே போயிற்று? கரிவளியாகிக் காற்றிற் கலந்தது. கரிவளி என்பது, பாடநூல் 'கார்பன் டை ஆக்சைடு' என்று கூறும் வளி. சுட்ட சுண்ணாம்பின்மீது நீர் தெளித்தால் அது சீறிக் கொதித்துப் பொடியாகும், இதுவே நீற்றுதல். 56 கிலோ சுண்ணாம்பு 18 கிலோ நீரை உட்கொண்டு 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகும். கொதித்துப் புகைந்து வீணாகும் நீர் இக்கணக்கிற் சேராது. அதனைச் சுவரிற் பூசியபின், முன்பு விட்ட 44 கிலோ கரிவளியைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு, 18 கிலோ நீரையும் விட்டுவிட்டு, மீண்டும் நூறு கிலோ கல்லாகவே இறுகும். கல்லாய்ப் புறப்பட்டது கல்லாகவே முடிந்தது.

இந்த ஒரு கணக்கில் நிறை மாறாமை உண்டு, சேர்ம விகிதம் உண்டு, வெப்பங்கொள்ளும் வினையும் வெப்பம் உமிழும் வினையும் உண்டு, மீள்வினையும் உண்டு. மோல் என்று கேட்டவுடன் மாணாக்கர் அஞ்சும் அளவும் இதனுள்ளேயே கிடக்கின்றது. வெற்றிலையைக் கவுளியாகவும் வாழைப்பழத்தைச் சீப்பாகவும் கணக்கிடுதல்போல, எண்ணற்கரிய நுண்துகள்களை ஒரு தொகையாகக் கட்டி அளப்பதே மோல். ஒரு மோல் சுண்ணாம்புக்கல் 100 கிராம். ஒரு மோல் சுட்ட சுண்ணாம்பு 56 கிராம். ஒரு மோல் நீர் 18 கிராம். காளவாய்க் கணக்கை அறிந்த பிள்ளைக்கு இவ்வெண்கள் அச்சந் தரா.

ஐரோப்பாவில் அளந்தறியும் வேதியியல் வேரூன்றியதும் பெரும்பாலும் இவ்வழியிலேதான். காட்லாந்து நாட்டுச் சோசப்பு பிளாக்கு என்பார் 1750களில் சுண்ணாம்பையும் அதனையொத்த மண்ணுப்புகளையும் சுட்டு, எடைபோட்டு, குறைந்த எடைக்குக் காரணமான வளியைக் கண்டறிந்தார். நம் கொத்தர் அதே பொருளைப் பல நூற்றாண்டுகள் சுட்டனர். ஆனால் ஓடிப்போன 44 பங்கை எடைபோட்டு ஏட்டில் எழுதி வைப்பார் இலர். முன்னோர் யாவும் அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவோர் இதனையும் சேர்த்துச் சொல்லுதல் நேர்மை.

குற்றாலத்து நீரே இன்னொரு பாடம். கருங்கல் மலையில் பெய்து விரைந்து ஓடி அருவியாய் விழும் மழைநீரில் உப்புகள் மிகக் குறைவாகவே கரைந்திருக்கும். ஆதலின் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்போர்க்குச் சிறிது வழலை தேய்த்தாலே நுரை பொங்கும். கிழக்கே கரிசற்பாங்கில் சுக்கான்கல் படிந்த நிலத்துக் கிணற்று நீரில் அதே வழலை நுரையாது, திரிந்து வெண்கசடாய்ப் படியும். அந்நீரில் பருப்பும் எளிதில் வேகாது. சுண்ணமும் மக்னீசியமும் சேர்ந்த உப்புகள் அந்நீரிற் கரைந்திருத்தலே ஏது. முன்னது மென்னீர், பின்னது வன்னீர். கொதிக்க வைத்தாற் போகும் வன்மை நிலையா வன்மை. போகாதது நிலைத்த வன்மை. இவ்வளவு தெளிவான செய்தியைப் பாடநூல் 'தற்காலிகக் கடினத்தன்மை' என்றும் 'நிரந்தரக் கடினத்தன்மை' என்றும் எழுதுகின்றது. வடசொல்லுக்கு உரை சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஆலத்தி நீர் சிவப்பதும், புளி தேய்த்த பித்தளைக் குடம் பளிச்சிடுவதும் காரத்துக்கும் காடிக்கும் உரிய பாடங்களே. மஞ்சள், சுண்ணாம்பின் காரத்தால் நிறம் மாறுகின்றது. களிம்பு, புளியிலுள்ள காடியில் கரைகின்றது.

இத்துணை வளம் இருந்தும் பட்ட வகுப்பிற்குத் தமிழ் ஏன் ஏறவில்லை? பழி முழுவதையும் அரசின்மீதும் ஆங்கிலப் பற்றாளர்மீதும் போட்டுவிடுதல் எளிது. அரசின் பங்கு சிறிதன்று. தமிழ்வழிப் பயின்றார்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளுக்குள், 2012-13இல், அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. ஒரு கையால் நட்டதை மறு கையால் பிடுங்கிய கதை இது. எனினும் தனித்தமிழ் அன்பர் பங்கும் இதில் உண்டு என்பதை மறைத்தற்கில்லை. ஆக்சிசன் என்னும் ஒரு தனிமத்துக்கு உயிர்வளி, உயிரகம், தீயகம் எனப் பல பெயர்கள் உலவுகின்றன. பாடநூல் ஆக்சிசன் என்கின்றது. ஈழத்தார் ஒட்சிசன் என்கின்றனர். ஒவ்வொரு பெயர்க்கும் ஒரு வழக்காடுநர் உளர். 'உயிர்க்கு இன்றியமையாதது, ஆகவே உயிர்வளி' என்பார் ஒருவர். 'தீக்கு இன்றியமையாதது, ஆகவே தீயகம்' என்பார் மற்றொருவர். வழக்கு நீளுகின்றது, நூல் எழுதப்படவில்லை.

பிறநாட்டார் இங்ஙனம் காத்திருந்தாரல்லர். காடியைப் பிறப்பிப்பது என்னும் பொருளில் ஆக்சிசனுக்குப் பெயரிட்டவர் பிரெஞ்சு நாட்டு இலவாசியே. அக்கருத்து பிழை என்பதனை 1810இல் இங்கிலாந்து நாட்டு டேவி நிறுவினார். உப்புக்காடியில் ஆக்சிசனே இல்லை. ஆயினும் பெயர் நிலைத்தது. செருமானியர் அப்பிழையையே தம் மொழியில் பெயர்த்துப் 'புளிப்புப் பொருள்' என்றனர். ஐதரசனை 'நீர்ப்பொருள்' என்றும் கார்பனைக் 'கரிப்பொருள்' என்றும் கொண்டனர். சப்பானில் உதகாவா யோவன் என்பார் 1837 முதல் வெளியிட்ட வேதியியல் நூலில் அவ்வாறே காடித்தனிமம், நீர்த்தனிமம், கரித்தனிமம் எனப் பொருள்படும் சொற்களை ஆக்கினார். சப்பானியர் இன்றும் அவற்றையே வழங்குகின்றனர். பிழைபட்ட பெயரோடும் அவர்தம் வேதியியல் உலகின் முன்வரிசையில் நிற்கின்றது. ஒரு பெயர் முழுப் பொருத்தமுடையதா என்பதனினும், அப்பெயரால் ஒரு நூலேனும் எழுதப்பட்டதா என்பதே பெரிது.

தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவங் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1875இல் 'கெமிசுதம்' என்னும் வேதியியல் நூலைத் தமிழில் வெளியிட்டார். நூற்பெயர் தமிழன்று; ஆயினும் நூல் தமிழில் வந்தது. 1916இல் இராசாசியும் வேங்கடசுப்பரும் சேலத்திற் கலைச்சொற் கழகங் கண்டனர். நெல்லைச் சீமைக்குரிய பெருமை இவற்றின் பின்வந்தது. 1934இல் திருநெல்வேலியில் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ.மு. சுப்பிரமணியனாரின் அயரா உழைப்பால், 1936இல் சென்னையிற் கலைச்சொல் மாநாடு கூட்டியது. தலைமை தாங்கியவர் விபுலானந்த அடிகள். யாழ்நூல் யாத்த அவரே முன்னாளில் அறிவியல் ஆசிரியர் என்பது பலர் நினைவில் இல்லை. மாநாட்டின் விளைவாக 1938இல் 'கலைச்சொற்கள்' நூல் வந்தது. 1940இல் அரசு சீனிவாச சாத்திரியார் தலைமையில் அமைத்த குழு வடமொழிச் சொற்களின் பக்கம் சாய்ந்தபோது எதிர்த்துக் குரல் கொடுத்ததும் இச்சங்கமே. பின்னர்த் தமிழறிஞர் சிலர் அக்குழுவிற் சேர்க்கப்பட்டனர். இன்று 'இரசாயனம்' தமிழ்நாட்டுப் பள்ளியில் வேதியியலாக நிற்பது இத்தகையோர் உழைப்பின் பயன். 1970களில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் பட்ட வகுப்புக்கெனப் பல நூறு நூல்களைத் தமிழில் அச்சிட்டது. அறிவியல் வளர, அவற்றுட் பல புதுக்கப்படாமல் அடுக்கிலேயே பழுத்துப் பழுப்பேறின.

குறியீடுகள் பற்றிய அச்சமும் வேண்டுவதில்லை. இரும்பின் குறியீடு 'பெர்ரம்' என்னும் இலத்தீனச் சொல்லின் எழுத்து. சோடியத்தின் குறியீடு 'நேட்ரியம்' என்பதன் எழுத்து. ஆங்கிலப் பிள்ளை 'அயர்ன்' என்று வாயாற் கூறி இலத்தீன எழுத்தைக் கையால் எழுதுகின்றது. தமிழ்ப்பிள்ளை இரும்பு என்று கூறி அதே எழுத்தை எழுதுவதில் என்ன இடர்? பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம், இதள், கந்தகம் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டிற் பெயர் உண்டு. அவை ஆளப்பட வேண்டும். உயிர்வளி ஓரளவு நாவிற் பழகிவிட்டது. அதனையே வைத்துக்கொண்டு போட்டிப் பெயர்களைக் கைவிடலாம். 118 தனிமங்களுள் எஞ்சிய அரியவற்றுக்கெல்லாம் புதுப்பெயர் புனைந்து கொண்டிருத்தல் வீண்வேலை. உலகப் பெயரைக் கிரந்த எழுத்தின்றித் தமிழொலிக்கேற்ப எழுதிக்கொண்டாற் போதும். ஈழத்தார் நெடுங்காலமாக அவ்வாறே எழுதிப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு வரையில் வேதியியலைத் தமிழிலேயே கற்பித்து வருகின்றனர். இக்கருத்து தனித்தமிழ் அன்பர் சிலர்க்கு உவப்பாயிராது. உவப்பில்லாதார் முதலாண்டு வேதியியல் நூலொன்றைத் தம் சொற்களாலேயே எழுதி அச்சிட்டு மாணாக்கர் கையிற் கொடுக்கட்டும், அச்சொற்களே வெல்லும்.

இப்பொழுது வேண்டுவது சிறிய நூலே. பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக் கல்லூரி புகும் தமிழ்வழி மாணாக்கர்க்கெனச் சற்றேறக்குறைய முந்நூறு அடிப்படைச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே தமிழ்ப்பெயர், ஈழத்து வழக்கு, ஆங்கிலச் சொல்லின் ஒலிப்பு, குறியீடு, வீட்டிலோ ஊரிலோ காணத்தக்க ஓர் எடுத்துக்காட்டு. தென்காசியில் 1927இல் தோன்றிய திருவள்ளுவர் கழகம் இருக்கின்றது. சுற்றிலும் கல்லூரிகள் இருக்கின்றன. தமிழறிந்த வேதியியல் ஆசிரியரும் வேதியியல் அறிந்த தமிழாசிரியரும் இருக்கின்றனர். இருவரும் ஒரு மேசையில் அமர ஒரு கோடை விடுமுறை போதும். குற்றாலத்திற் சாரல் தொடங்கும் ஆனித் திங்களில், முதலாண்டு வகுப்பு தொடங்குமுன், அந்நூல் அந்தப் பீடித் தொழிலாளி மகளின் கையில் இருத்தல் வேண்டும்.