கடை தப்பியது, தெரு தப்பவில்லை!



அமெரிக்காவிலே, கனெக்டிகட் மாநிலத்திலே, நியூ ஹேவன் என்றோர் ஊர். 1968-ல் யேல் பல்கலைக் கழகத்தின் அழைப்பை ஏற்று அறிஞர் அண்ணா சென்றாரே, அதே ஊர்தான். அங்கே ‘லூயிஸ் லஞ்ச்’ என்றொரு சின்னஞ்சிறு சிற்றுண்டிக் கடை இருக்கிறது. 1998-ல் ஒருமுறை அங்கே சாப்பிட்டேன். சென்ற ஆண்டு மீண்டும் போனேன்.

மாட்டிறைச்சியைக் கொத்தி, தட்டி, நெருப்பிலே வாட்டி, இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு இடையே வைத்துத் தருவார்கள். பர்கர் என்று பெயர். (மாட்டிறைச்சி என்றதும் முகம் சுளிக்கும் கனவான்கள் இத்துடன் நிறுத்திக்கொண்டு விளையாட்டுச் செய்திப் பக்கம் போகலாம், நமக்கு வருத்தமில்லை.)

டென்மார்க்கிலிருந்து பிழைக்க வந்த லூயி லாசன் என்பவர் 1895-ல் தள்ளுவண்டி அளவிலே தொடங்கிய வியாபாரம் இது. 1900-ல், அவசரமாக வந்த ஒருவருக்கு, கையில் எடுத்துக்கொண்டு நடந்தபடியே தின்னத் தோதாக இறைச்சியை ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தாராம். அதுவே உலகின் முதல் பர்கர் என்கிறது அந்தக் குடும்பம். இல்லை, எங்கள் ஊரில்தான் பிறந்தது என்று விஸ்கான்சினிலும் டெக்சாசிலும் வழக்காடுகிறார்கள். எந்தக் கட்சி வென்றாலும் நமக்கொன்றுமில்லை. ஆலைக்கு ஓடுகிறவனின் அவசரத்திலே பிறந்த உணவு அது. அதுதான் நமக்கு முக்கியம்.

அன்று கண்ட அதே இரும்பு அடுப்புகள், இறைச்சியை நெட்டாக நிறுத்தி வாட்டும் பழைய வார்ப்பிரும்பு அடுப்புகள், இன்றும் எரிகின்றன. வட்ட ரொட்டி கிடையாது. வாட்டிய சாதா ரொட்டிதான். வெங்காயம், தக்காளி, பாலாடைக்கட்டி — அவ்வளவே. தக்காளிச் சாறு கேட்டால் கிடைக்காது. நான் அன்றும் கேட்டேன், இன்றும் கேட்டேன். இருமுறையும் அதே தலையசைப்பு! லாசன் குடும்பத்தின் பின் தலைமுறையினரே இன்னமும் நடத்துகிறார்கள். கிளை நூறு திறக்கவில்லை, பங்கு விற்கவில்லை. பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால், 1998-ல் அந்தப் பெஞ்சிலே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வின்செஸ்டர் துப்பாக்கி ஆலைத் தொழிலாளி. பேச்சோடு பேச்சாக, வேலை நிலைக்குமா என்று கவலைப்பட்டார். 2006-ல் ஆலையை மூடினார்கள். அந்த ஆலைக் கட்டிடத்தில் ஒரு பகுதி இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. இம்முறை என் பக்கத்தில் இருந்தவர்கள் கையில் செல்பேசி. தின்பதற்கு முன் படம், தின்றபின் படம். உழைப்பாளிக்காகப் பிறந்த கடை, உல்லாசப் பயணிக்குக் காட்சிச்சாலை ஆகிவிட்டது. கடைக்காரர் குற்றமன்று, வருகிறவனுக்குத்தானே அவர் பரிமாற முடியும்?

இந்தக் கடைக்கே ஒருநாள் ஆபத்து வந்தது. கடை இருந்த இடத்தில் உயரக் கட்டிடம் எழுப்பவேண்டும், இடித்துத் தள்ளு என்றார்கள். குடும்பம் போராடியது, ஊர் கூடியது. 1975-ல் கட்டிடத்தையே வண்டியில் ஏற்றி கிரௌன் தெருவுக்கு நகர்த்திக் கொண்டுபோய் வைத்தார்கள்! சுவர் எழுப்ப வாடிக்கையாளர்கள் பல ஊர்களிலிருந்து செங்கல் கொண்டுவந்து கொடுத்தார்கள். நெஞ்சைத் தொடும் செய்தி, மறுக்கவில்லை.

ஆனால் அதே ஊரிலே, 1950-களின் பிற்பகுதியிலே, ஓக் தெருவிலே நடந்ததென்ன? ரிச்சர்டு லீ மேயராக இருந்த காலம். ‘நகர்ப் புதுப்பிப்பு’ என்ற அழகான பெயரிலே, மத்திய அரசின் பணத்திலே, நெடுஞ்சாலை போடுவதற்காக ஒரு குடியிருப்பையே தரைமட்டமாக்கினார்கள். இத்தாலியர், யூதர், கறுப்பின மக்கள் என்று கலந்து வாழ்ந்த உழைப்பாளிகளின் தெரு அது. இறைச்சிக்கடை, ரொட்டிக்கடை, மளிகை எல்லாமே குடும்பங்கள் நடத்தியவைதாம். நூற்றுக்கணக்கான வீடுகள் போயின. சேரி என்று ஒரு முத்திரை குத்தினார்கள், முடிந்தது காரியம். அவர்களுக்காக யார் செங்கல் கொண்டுவந்தார்கள்? எந்த வண்டி அவர்கள் வீட்டைச் சுமந்து சென்றது?

அந்த நெடுஞ்சாலையாவது உருப்பட்டதா? திட்டமிட்ட தூரம் போகாமலே பாதியில் நின்றது. இப்போது அதே நகராட்சி, அச்சாலையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, பழையபடி தெருவாக்கும் வேலையிலே இறங்கியிருக்கிறது. மீண்டும் பணம், மீண்டும் திட்டம், மீண்டும் திறப்பு விழா! ஆனால் அங்கே எழுகிற கண்ணாடிக் கட்டிடங்களிலே இருப்பவை ஆய்வுக்கூடங்களும் அலுவலகங்களும். ரொட்டி சுட்டவரின் பேரன் அங்கே திரும்பி வந்து கடை வைக்க முடியுமா?

கடையைக் காத்தது தவறென்று நான் சொல்லவில்லை. ஒரு கடைக்குக் காட்டிய அன்பிலே நூற்றில் ஒரு பங்கை ஒரு தெருவுக்குக் காட்டியிருக்கக் கூடாதா என்றுதான் கேட்கிறேன்.

கடையிலே மேசை, பெஞ்சு எங்கும் வாடிக்கையாளர்கள் கத்தியால் செதுக்கிய பெயர்கள். 1998-ல் அந்த ஆலைத் தொழிலாளி தம் பெயரின் முதலெழுத்துகளை எனக்குச் சுட்டிக் காட்டினார். இம்முறை தேடினேன். அதன்மேல் வேறு யாரோ செதுக்கியிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் ஓர் எழுத்து மட்டும் தெரிந்தது.