பழைய காரின் தோலை உரித்தெறியாதீர்கள்

பழைய கார்களை வைத்திருக்கும் நம்மவர் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. இயந்திரத்தைப் பொறுமையாகத் திருத்துவார்கள். துருப்பிடித்த தகட்டை வெட்டி ஒட்டுவார்கள். பூச்சின் நிறம் பழைய நிறந்தானா என்று பத்துப் பேரிடம் விசாரிப்பார்கள். ஆனால் உள்ளேயிருக்கும் தோல் இருக்கைகளுக்கு வந்ததும் அந்தப் பொறுமை போய்விடும். வெடித்த தோலை உரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, பளபளக்கும் ரெக்சினைத் தைத்து மாட்டுவார்கள். இது திருத்தமன்று, அழிப்பு என்பதே எனது கருத்து.

மடவளையிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டி நகருக்குச் செல்லும் எவரும் அவ்வப்போது பழைய பிரித்தானியக் கார்களைக் காணலாம். அவற்றில் பெரும்பாலானவை மொரிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற குடும்பக் கார்கள். எம்.ஜி., டிரையம்ப் போன்ற விளையாட்டு ரகக் கார்கள் அரிது. நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டு தொடங்கிய மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி, அந்த ரகக் கார்களுக்கும் மலைநாட்டுக்கும் உள்ள உறவு எவ்வளவு பழையது என்பதைக் காட்டும்.

இவை இன்றுவரை தப்பியிருப்பதற்குக் காரணம் நமது இரசனை மட்டுமன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை இருப்பதைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. குஷன் பாஸ்மாரின் கைத்திறன் அந்தத் தட்டுப்பாட்டில் வளர்ந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. விலை ஏறியதும் விற்பதற்காக மினுக்கும் அவசரமும் கூடவே வந்தது. அந்த அவசரத்துக்கு முதலில் பலியாவது தோல்தான்.

ரெக்சின் மீது எனக்குப் பகை ஏதுமில்லை. அது ஒரு பிரித்தானிய வணிகப் பெயர். துணியின் மேல் நைட்ரோசெலுலோஸ் பூசிச் செய்யப்பட்ட செயற்கைத் தோல் அது. இன்று நாம் அப்பெயரால் அழைப்பது பெரும்பாலும் பி.வி.சி. பூசிய துணியையே. எம்.ஜி. டீ வரிசைக் கார்களிலேயே உட்காரும் முகப்புக்கு மட்டும் தோலும், பின்புறத்துக்குத் தோல்துணியும் பயன்படுத்தினார்கள். ரெக்சின் இருந்த இடத்தில் ரெக்சின் வரட்டும். தோல் இருந்த இடத்தில் தோல் இருக்கட்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

அந்தத் தோலை மீண்டும் வாங்குவதும் எளிதன்று. ரோல்ஸ் ரோய்ஸ், ஜகுவார் முதலிய கார்களுக்குத் தோல் கொடுத்த கொனொலி நிறுவனம் 1878இல் லண்டனில் தொடங்கப்பட்டது. அதன் தோல் பதனிடும் தொழில் 2002இல் மூடப்பட்டது. தோலைப் பற்றிய அறிவோ தமிழருக்குப் புதிதன்று. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அங்கே மூலப்பொருள்கள். சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948இல் அமைந்தது. அப்படியிருந்தும், வெடித்த ஓர் இருக்கையைக் கண்டால் நமக்குத் தோன்றும் முதல் வைத்தியம் தேங்காயெண்ணெய்!

அந்த வைத்தியம் தவறு. நிறப்பூச்சு கெடாத தோலுக்குள் எண்ணெய் எளிதில் இறங்காது. வெடிப்பின் வழியே இறங்கினால் தோல் கறுத்துத் தொய்ந்துவிடும். மேலே தங்குவது சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும். கண்டியின் ஈரக் காற்றில் பூஞ்சணத்துக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. துணி துவைக்கும் சவர்க்காரமும் ஆகாது. பதனிட்ட தோல் இயல்பாகவே சற்று அமிலத் தன்மையுடையது, காரம் அதைக் கெடுக்கும்.

வீட்டில் செய்யவேண்டியது பெரிய வித்தையன்று. இருக்கையைக் கழற்றி மென்மையான தூரிகையால் தூசியை அகற்றுங்கள். தோலுக்கென விற்கும் மென்மையான சுத்திகரிப்பானைப் பிழிந்த ஈரத்துணியில் எடுத்துச் சிறுசிறு பகுதியாகத் துடையுங்கள். வெயிலில் வைக்காது காற்றோட்டமான நிழலில் உலர விடுங்கள். கிழிந்த இடத்துக்கு உட்புறமாகத் துணி வைத்து, வளையக்கூடிய பசையால் ஒட்டுங்கள். வெடிப்புகளில் நெகிழும் நிரப்பியை மெல்லிய படையாக இட்டு, ஒவ்வொரு படையும் காய்ந்தபின் நுண்ணிய உப்புத்தாளால் தேயுங்கள். பின்னர் நீர் சார்ந்த தோல் நிறமியை மெல்லிதாகப் பல முறை பூசி, மேலே பாதுகாப்புப் பூச்சு இடுங்கள். எதையும் முதலில் மறைவான ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள்.

பிரிந்த தையலைப் பழைய துளைகளின் வழியாகவே கையால் தைக்கவேண்டும். அருகில் புதிய துளைகள் போட்டால், முத்திரைத் தாளின் ஓரம்போல அந்தக் கோட்டிலேயே கிழியும். இங்கேதான் குஷன் பாஸின் கை தேவை. உள்ளேயுள்ள அடைப்பையும் பாருங்கள். அக்காலக் கார்கள் பலவற்றில் தென்னந்தும்பையும் இறப்பர்ப் பாலையும் சேர்த்துச் செய்த மெத்தை இருக்கும். இரண்டும் நம் மண்ணில் விளைபவை. அதைப் பிடுங்கிவிட்டுப் பஞ்சுறை திணிப்பதில் என்ன பெருமை இருக்கிறது?

எல்லாத் தோலையும் காப்பாற்ற முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. விரலால் தேய்த்தால் செந்தூளாக உதிரும் தோலுக்கும், கடதாசிபோலக் கிழியும் தோலுக்கும் ஆயுள் முடிந்துவிட்டது. அதை மாற்றத்தான் வேண்டும். அப்போதும் பழைய துண்டுகளை எறியாதீர்கள். அவையே வெட்டுவதற்கான அளவு. தையலின் இடைவெளியும் மடிப்பின் அகலமும் வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது.

புதிதாகத் தெரிவதே மரியாதை என்ற எண்ணம் நம் வீடுகளிலும் கடைகளிலும் வேரூன்றிவிட்டது. அறுபது, எழுபது ஆண்டுகள் மனிதர் அமர்ந்து எழுந்த சுருக்கங்கள் குறைபாடல்ல, அந்தக் காரின் வரலாறு. இயந்திரத்தின் உதிரிப்பாகம் எங்கோ கிடைக்கும். பூச்சை இன்னொரு முறை பூசலாம். குப்பைக்குப் போன தோல் திரும்பி வராது. கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் ஒரு வாரமாவது ஈரத்துணியோடு முயன்று பாருங்கள். அதன் பின்னும் மாற்றத்தான் வேண்டுமென்றால், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.