வெளிச்சத்தை மட்டும் விற்காதீர்கள்

அலங்கார மீன் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இப்படியான வாடிக்கையாளர்கள் பழக்கமானவர்கள். மீன் தொட்டியில் செடி வளர்க்க ஆசைப்பட்டு எல்லாவற்றையும் வாங்கிச் செல்வார்கள். இரண்டு மாதத்தில், "கண்ணாடியெல்லாம் பாசி, செடியும் மஞ்சளாகிறது" என்று திரும்பி வருவார்கள். இன்னும் பிரகாசமான விளக்கொன்றும் பாசி கொல்லும் மருந்தும் விற்கப்படும். அதன் பின்னர் அவர்கள் அந்தக் கடைப்பக்கமே வருவதில்லை.

பிழை செடியில் இல்லை, விற்ற முறையில்தான் இருக்கிறது.

வியாபாரிகளுக்கு விளங்கும் பாஷையில் சொன்னால், தொட்டியில் வெளிச்சம்தான் கேள்வி. காபனீரொட்சைட்டும் பசளையும் நிரம்பல். வெளிச்சம் கூடக்கூட செடி வேகமாக வளர முற்படும். அதற்கு நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம், இரும்பு எல்லாமே தேவை. ஒன்று குறைந்தாலும் வளர்ச்சி அந்த அளவோடு நின்றுவிடும். 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனிய இரசாயனவியலாளர் லீபிக் பயிர்களைப் பற்றி எடுத்துச்சொன்ன விதியும் இதுதான். செடி தளர்ந்தால் மிஞ்சிய வெளிச்சத்தில் பாசி பெருகும்.

மீன்களின் கழிவிலிருந்து நைதரசனும் பொசுபரசும் ஓரளவு கிடைக்கும். பொட்டாசியமும் இரும்பும் பெரும்பாலும் போதாது. காபனீரொட்சைட்டு சிலிண்டர் வாங்க வசதியில்லாதவருக்கு வலுவான விளக்கை விற்பது, பாசியை விற்பதற்குச் சமம். மிதமான விளக்கு, அதை நாளொன்றுக்கு 6 முதல் 8 மணித்தியாலம் மட்டும் எரியவிடும் டைமர், சிறிதளவு திரவப் பசளை, வாராந்தம் ஒரு பகுதி நீரை மாற்றும் பழக்கம் ஆகியன அவருக்குப் போதும்.

இதற்கேற்ற செடியும் நம் நாட்டுக்கே உரியது: கிரிப்டோகொரைன் வென்டி. நிழலான ஓடைகளில் வளரும் இச்செடிக்குக் குறைந்த வெளிச்சமே போதும். வேரால் உணவெடுப்பதால் மணலுக்குள் பசளை வில்லை வைப்பது நல்லது. நட்ட புதிதில் இலைகள் கரைந்து போகலாம். வேர் நன்றாக இருந்தால் மீண்டும் துளிர்க்கும். விற்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் முறைப்பாடு வராது. ஓடைகளில் பிடுங்கியதைத் தவிர்த்து, பண்ணையில் வளர்த்ததையே கொள்வனவு செய்யுங்கள்.

விலை கூடிய விளக்கில்தானே இலாபம் என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் விளக்கு எப்போதாவது ஒருமுறைதான் விற்பனையாகும். தொட்டி செழித்திருந்தால் பசளையும் மீன் உணவும் புதிய செடிகளும் மாதாமாதம் விற்பனையாகும். ஆகவே, விளக்கு கேட்டு வருபவரிடம் தொட்டியின் அளவையும், என்ன செடி, என்ன பசளை என்பதையும் முதலில் விசாரியுங்கள். விலையைப் பிறகு சொல்லலாம்.